உறுதிமொழி அட்டை

“நீங்கள்தான் கேக்கவேணும் அம்மா.”

“ஆரிட்டக் கேக்கிறது?”

“படம் போட்ட ஆக்களிட்ட.”

“என்னெண்டு கேக்கிறது?”

“எடுத்துவிடுங்கோ எண்டு. அவ்வளவுதான்.”

டினோஜா இதைச் சொன்னது மாசி மாதத்து ஒரு மத்தியானத்தில், அடுப்படி வாசலில், பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் நின்றுகொண்டு. அன்று கழற்றிய சீருடையை அவள் பிறகு உடுத்தவில்லை. அந்தப் படம் போகும்வரைக்கும் பள்ளிக்கூட வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மீன் கழுவிக்கொண்டிருந்த நிறஞ்சலா, “இதென்ன பெரிய வேலையே? நாளைக்கே கேக்கிறன்” என்றாள்.

அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லி முடிக்க அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது.

பிள்ளைகளை இணையத்தின் ஆபத்துகளிலிருந்து காப்பாற்றுவதற்காக ‘பாதுகாப்பான திரை’ என்றொரு செயலணி வெளிநாட்டு உதவியோடு தொடங்கப்பட்டிருந்தது. அது அதுவரைக்கும் நாற்பத்திரண்டு கருத்தரங்குகளை நடத்தியிருந்தது. அவற்றில் நாற்பத்தொன்று, கருத்தரங்குகளை நடத்துவது எப்படி என்பதைப் பற்றியவை. நாற்பத்திரண்டாவதுதான் டினோஜா படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

ஒன்பது பிரமுகர்கள் சேர்ந்து ஐந்து திரி விளக்கை ஏற்றினார்கள். தை மாதத்துக் காற்று கடலிலிருந்து நேரே மண்டபத்துக்குள் வந்து ஒவ்வொரு திரியாக அணைத்தது. நாலாவது முறையும் அணைந்தபோது, எரியாத விளக்கின் மேல் எரியாத மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் கமராவைப் பார்த்தார்கள். சுடரைப் பிறகு கம்பியூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று படம் எடுத்தவர் சொன்னார். சேர்த்தும் விட்டார்கள். படத்தில் ஆறு சுடர்கள் எரிகின்றன.

அதன் பிறகு உறுதிமொழி. டினோஜாவின் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய அட்டை கொடுக்கப்பட்டது. அதன் தலையில், ‘எனது தனிப்பட்ட விபரங்களை இணையத்தில் எவருடனும் பகிரமாட்டேன்’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே ஐந்து கோடுகள்: முழுப்பெயர், பிறந்த திகதி, வகுப்பு, ஊர், பெற்றோரின் தொலைபேசி இலக்கம். வெறும் உறுதிமொழியை உதவி வழங்குவோர் நம்பமாட்டார்கள், உறுதிமொழி எடுத்தது உண்மையான பிள்ளைதான் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்று செயலணியின் இணைப்பாளர் அமல்ராஜ் விளக்கினார். பிள்ளைகள் நல்ல எழுத்தில் நிரப்பினார்கள். நிரப்பிய அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துச் சிரித்தார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு அத்தனை பேரும் அத்தனை விபரங்களோடும் செயலணியின் பேஸ்புக் பக்கத்தில் ஏறினார்கள்.

டினோஜாவின் எழுத்து அச்சுப் போல இருக்கும். சிரித்தால் ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். ஆகவே அவளுடைய படத்தை முதலாவதாகப் போட்டு, பக்கத்தின் உச்சியில் நிறுத்திவைத்தார்கள். நிறஞ்சலாவும் அதைப் பார்த்துப் பூரித்துப் பிரான்சில் இருக்கிற தமக்கைக்கு அனுப்பினாள். அதை அவள் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், ஓலைத்தொடுவாய்க் கரையில் வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்த அவளுடைய தகப்பன் ஜெயரூபனுக்கு ஒரு போன் கோல் வந்தது. இனிமையான குரல். “டினோஜாவோட கதைக்கலாமா? வாற மாதம் பிறந்தநாள் எல்லோ?”

“நீர் ஆர்?”

“அவவின்ர நண்பர்.”

“என்ர மகளுக்கு இந்தக் குரலில ஒரு நண்பரும் இல்லை” என்று ஜெயரூபன் வைத்துவிட்டான். கிழமை முடிவதற்குள் பத்தொன்பது நண்பர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த இலக்கம் பன்னிரண்டு வருடமாக எல்லா மீன் வியாபாரிகளிடமும் இருக்கிறது. மாற்றவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

பஸாரில் போன் கடை வைத்திருக்கும் றினாஸ்தான் மிச்சத்தைக் காட்டினான். ஒரு போலிப் பேஸ்புக் கணக்கு. அதில் டினோஜாவின் முகம் இருந்தது, பெயர் இருந்தது, பிறந்த திகதி இருந்தது. அவள் பிறந்ததிலிருந்து ஒருநாளும் பேசாத பேச்சுகளும் இருந்தன. நிறஞ்சலா இரண்டு வரி வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அக்கா, இதை நான் ரிப்போட் பண்ணித் தூக்கிறன்” என்றான் றினாஸ். “ஆனா நாளைக்கு இன்னொண்டு வரும். அவனுகள் எடுக்கிற இடம் இந்தச் செயலணிப் பக்கம்தான். இதில படம் நிக்கும்வரைக்கும் நானும் தூக்க, அவனுகளும் போட, இதே வேலைதான்.”

“அப்ப அந்தப் பக்கத்தில நீயே ஒருக்கா எழுதிவிடு தம்பி.”

“எழுத ஏலாது அக்கா. பாருங்கோ.”

பக்கத்தின் அடியில், ‘சிறுவர்களின் பாதுகாப்புக் கருதிக் கருத்துப் பகுதி மூடப்பட்டுள்ளது’ என்று இருந்தது. தனிச்செய்தி அனுப்பினான். உடனே பதில் வந்தது: ‘உங்கள் பிள்ளையின் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி.’ பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். எத்தனை முறை அனுப்பினாலும் அதே மகிழ்ச்சிதான் வந்தது.

பொலிசுக்குப் போவோம் என்றான் ஜெயரூபன். பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லுவார்கள் என்று தெரிந்ததும் டினோஜா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆகவே நிறஞ்சலா முதலில் அதிபரிடம் போனாள்.

அதிபர் நல்ல மனிதர். கதிரை தந்தார், தண்ணீர் தந்தார், அவள் வாயைத் திறக்குமுன் பேசத் தொடங்கினார்.

“அம்மா, எங்கட பாடசாலையில கைத்தொலைபேசிக்குத் தடை. நான் வந்த முதல் நாளே போட்ட தடை. ஆகவே இந்த வளவுக்குள்ள இணையம் இல்லை. இணையம் இல்லாத இடத்தில இணையப் பிரச்சினை இருக்க ஏலாது. நீங்கள் சொல்ல வாறதை என்னால பார்க்கவும் ஏலாது, ஏனெண்டால் பாக்கிறதுக்கு நான் என்ர தடையை மீறவேணும்.”

“சேர், நான் கேக்க வந்தது…”

“பிள்ளை ஏன் வரயில்லை எண்டு நான்தான் உங்களைக் கேக்கவேணும். வரவு குறைஞ்சால் ஓ.எல். சோதனை எழுத விடமாட்டினம். தாய்மார் கண்டிப்பா இருக்கவேணும்.” அந்த நேரம் அவருடைய மேசை இழுப்பறைக்குள் இருந்து ஒரு போன் அடித்தது. இருவரும் அது அடித்து ஓயும்வரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். “கந்தோருக்குப் போங்கோ” என்றார் அதிபர். “அவைதான் பொறுப்பு.”

செயலணியின் கந்தோர் மன்னார் டவுனில், ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படிக்கட்டின் நிழலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. தான் நண்டு உடைக்கும் வாடிக் கொட்டிலில் அரைநாள் லீவு கேட்டுவிட்டு வந்த நிறஞ்சலா, விரலில் நண்டு மணக்குதோ என்று மோந்து பார்த்துவிட்டு, கழுதைகளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

இணைப்பாளர் அமல்ராஜின் கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள் தொங்கின. மூன்றிலும் அவருடைய பெயர் மறைந்திருந்தது.

“வாங்கோ அம்மா, இருங்கோ. இஞ்ச வாற ஒவ்வொரு தாயும் எங்களுக்கு ஒரு வெற்றி. சொல்லுங்கோ.”

“சேர், என்ர பிள்ளையின்ர படத்தை…”

“நில்லுங்கோ, நில்லுங்கோ. வாயால சொல்லக்கூடாது. வாய்மூல முறைப்பாடு எங்கட கொள்கைக்கு மாறு. ஆராவது கேட்டுப்போட்டால் பிள்ளையின்ர அந்தரங்கம் என்னாகிறது?” குரலைத் தாழ்த்தினார். “எழுத்தில தாங்கோ.”

எழுத்து என்றது பதினொரு பக்கப் படிவம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, ஊர், வழக்கமாகப் போகும் பாதை, தனியாக இருக்கும் நேரங்கள் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். பிள்ளையின் படம் இரண்டு பிரதி இணைக்க வேண்டும்.

“இரண்டு என்னத்துக்கு சேர்?”

“ஒண்டு கோவைக்கு. மற்றது எங்கட பக்கத்துக்கு. ‘நாம் காப்பாற்றிய பிள்ளைகள்’ எண்டு ஒரு பகுதி துவங்கப்போறம்.”

கடைசிப் பக்கத்தில் ‘கோரிக்கை’ என்றொரு பெட்டி இருந்தது. நிறஞ்சலா பேனையை அதன்மேல் வைத்தாள். பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று இருந்தது.

“இதில நான் எழுதக்கூடாதோ?”

“அதை நாங்கள் நிரப்புவம் அம்மா. தாய்மார் உணர்ச்சிவசப்பட்டுக் கண்டதையும் எழுதிப்போடுவினம்.”

அவள் பிள்ளையின் படத்தைக் கொடுக்கவில்லை. தான் போகும் பாதையையும் நேரத்தையும் பிள்ளையின் பாதையாக எழுதிக்கொடுத்தாள். அமல்ராஜ் எழுந்து சட்டையைச் சரிசெய்து, அவளும் படிவத்தின் ஒரு நுனியைப் பிடிக்க, தானும் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரித்தார். இது என்னத்துக்கு என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள் வெளிச்சம் அடித்து ஓய்ந்தது.

மறுநாள் அந்தப் படமும் பக்கத்தில் ஏறியது. தனியுரிமைக் கொள்கையின்படி நிறஞ்சலாவின் கண்களுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே, ‘ஓலைத்தொடுவாயைச் சேர்ந்த திருமதி நிறஞ்சலா ஜெயரூபன் தமது மகள் தொடர்பான முறைப்பாட்டைக் கையளித்தபோது’ என்று எழுதியிருந்தது.

வாடியில் கூட வேலை செய்யும் நசீறா நண்டுக் காலை உடைத்துச் சதையைத் தோண்டியபடியே சிரிக்கவும் மாட்டாமல் அழவும் மாட்டாமல் சொன்னாள்: “கண்ணை மறைச்சிட்டாங்க, சரி. இந்த மஞ்சப்பூச் சட்டைய யார் மறைக்கிற? இத மன்னார்த் தீவு முழுக்கத் தெரியுமே.”

“பேரையும் போட்டிருக்கினம் நசீறா.”

“சட்டைய வச்சே கண்டுபிடிச்சாச்சு. பேர் எல்லாம் அவங்கட வீண்செலவு.” பிறகு கையைத் துடைத்துவிட்டு அருகில் வந்தாள். “என்ட நிஸ்லாவும் அந்தப் பள்ளிக்கூடம்தான். அடுத்த அட்டை அவளுக்காம். பேப்பர் வந்திருக்கு. நான் என்ன செய்ய, சொல்லு?”

நிறஞ்சலா கூடையிலிருந்து அடுத்த நண்டை எடுத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ஜெயரூபன் அடுப்படியில் நின்றான். கலியாணம் கட்டிப் பதினேழு வருடத்தில் அவன் தேத்தண்ணி போட்டு அவள் பார்த்ததில்லை. சீனி கூடிவிட்டது. அவள் சொல்லாமல் குடித்தாள்.

“அடுத்தமுறை நானும் வரட்டே?” என்றான்.

“வந்தால் அடிச்சுப்போடுவீங்கள்.”

“ஓம்” என்று ஒத்துக்கொண்டான். “அதுதான் உன்னட்டக் கேக்கிறன்.”

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கத்தில் டினோஜா கணக்குப் புத்தகத்தைத் தனியே வாசித்துக்கொண்டிருந்தாள். சத்தமாக வாசிப்பது அவள் பழக்கம். இப்போது சத்தம் கேட்பதில்லை. இருவரும் அந்தக் கதவைப் பார்த்தபடி ஒரே கோப்பையை மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

ஆடியில் அவர்கள் மடு மாதா கோயிலுக்குப் போனார்கள். வழக்கமாகப் பந்தல் போட்டுத் தங்கும் இடத்தில் மூன்று நாள் தங்கினார்கள். மாதாவிடமும் நிறஞ்சலா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. படம் போட்டது மாதா இல்லையே என்று நினைத்தாள்.

ஆவணியில் கடிதம் வந்தது. செயலணியின் கண்காணிப்புக் கூட்டத்துக்கு நிறஞ்சலாவைப் பெற்றோர் பிரதிநிதியாக நியமித்திருந்தார்கள். முறைப்பாடு செய்த ஒரே பெற்றோர் என்பதால் அவளுக்கு அனுபவம் இருப்பதாகக் கடிதம் சொன்னது. கேட்க இதுதான் இடம் என்று புதுச் சட்டை ஒன்றை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு போனாள்.

கூட்டத்தில் ரோல்ஸ், பற்றிஸ், கேக் வைத்தார்கள். திரையில் டினோஜாவின் படம் வந்தது. அமல்ராஜ் எழுந்தார்.

“எங்கட இலக்கு, ஒரு படத்தை ஐந்நூறு பேர் பார்க்கவேணும் எண்டது. மற்றப் படங்கள் எல்லாம் நூறு, நூற்றிருபது. ஆனா இந்த ஒரு படத்தை மட்டும் பதினோராயிரத்து நானூறு பேர் பார்த்திருக்கினம். அதிலயும் ஒரே ஆக்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கினம். விழிப்புணர்வு எண்டால் இதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நிறஞ்சலாவின் வாயில் பற்றிஸ் கல்லாகிப் போனது.

“சேர், ஆர் சேர் பார்த்தது?”

“மக்கள்.”

“எந்த மக்கள்?”

அமல்ராஜ் வருத்தத்தோடு தலையசைத்தார். “அதைக் கேக்கிறது அவையின்ர தனியுரிமையில தலையிடுறது அம்மா. இந்தச் செயலணி தனியுரிமையை மதிக்குது.”

“இல்லை சேர், நான் கேக்கிறது என்னெண்டால், அந்தப் படத்தை…”

“விளங்குது. இந்தப் படத்தைப் பெருசாக்கி மாவட்ட விழாவுக்கு பனர் அடிக்கவேணும் எண்டு எனக்கும் தோன்றினது. தாயே முன்மொழிஞ்சிருக்கிறா. ஆராவது வழிமொழியுங்கோ.”

இரண்டு பேர் வழிமொழிந்தார்கள். கூட்ட அறிக்கையில் அது அப்படியே பதிவானது. நிறஞ்சலா படிக்கட்டால் இறங்கினாள். கீழே கழுதைகள் அதே நிழலில் கிடந்தன. கழுதைகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு பஸ் எடுத்தாள்.

ஐப்பசியில் விழா. பெரிய மண்டபம், பெரிய காற்று, அதே விளக்கு. இந்த முறை முன்யோசனையாக மின்குமிழ்த் திரி பூட்டியிருந்தார்கள். பிரமுகர்கள் ஒவ்வொருவராக வந்து மின் ஆளியை அழுத்தினார்கள்.

மேடையின் முழு அகலத்துக்கும் பனர். அதில் ஆறடி உயரத்துக்கு டினோஜா. கன்னத்துக் குழி ஒரு சோற்றுக் கோப்பை அளவு இருந்தது. நெஞ்சுக்கு நேரே அட்டை. பெயரும் பிறந்த திகதியும் தகப்பனின் இலக்கமும் கடைசி வரிசைக்கும் தெரிந்தன. மேடையின் ஓரத்தில் புதிதாகத் தெரிவான அறுபது பிள்ளைகள் நிரப்பிய அட்டைகளோடு வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக நசீறாவின் நிஸ்லா. எல்லாவற்றையும் நேரலையாக அனுப்ப மூன்று கால் வைத்த ஒரு கமரா நடுவில் நின்றது.

அமல்ராஜ் உரையாற்றினார். “எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளையின் அடையாளமும் வெளியே போகக்கூடாது. அதற்காகத்தான் எல்லாப் பிள்ளைகளின் விபரங்களையும் ஓரிடத்தில் திரட்டி, எல்லோரும் பார்க்கக்கூடிய விதமாக வைத்திருக்கிறோம். எங்களுக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையும் பாதுகாப்பாக இருக்க முடியாது.” கைதட்டல் ஓய அரைநிமிடம் ஆனது. “பத்து மாதத்தில் எங்களுக்கு வந்த முறைப்பாடு ஒன்றே ஒன்று. அதையும் கொடுத்தவரையே இன்று கௌரவிக்கிறோம்.”

நிறஞ்சலாவுக்கு ‘மாதிரிப் பெற்றோர்’ சான்றிதழ் தரப்பட்டது. சிவப்புக் கரை வைத்த ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். நன்றியுரையும் அவள்தான். உரையைக் கந்தோரிலேயே எழுதி அடித்துக் கையில் கொடுத்திருந்தார்கள். ‘எனது மகள் இன்று அச்சமின்றித் துள்ளித் திரிகிறாள் என்றால்’ என்று அது தொடங்கியது.

அன்று காலையில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது டினோஜா கதவுக்கு வெளியே வந்து நின்றாள். எட்டு மாதமாக வெயில் அதிகம் படாமல் முகம் வெளிறிப் போயிருந்தது. “கேட்டீங்களா அம்மா?” என்று அவள் கேட்கவில்லை. கேட்பதை அவள் ஆனியோடு விட்டுவிட்டாள். தாயின் தோளில் சுருண்டிருந்த சட்டைக் கரையை மட்டும் இழுத்துச் சரிசெய்துவிட்டாள்.

நிறஞ்சலா மைக்குக்கு முன்னால் நின்று தாளைப் பார்த்தாள். திரும்பிப் பனரைப் பார்த்தாள். தாளை நாலாக மடித்து, கையிடுக்கில் வைத்துக்கொண்டாள்.

“வாசியுங்கோ அம்மா” என்று அமல்ராஜ் பல்லிடுக்கால் சொன்னார். “நேரலை போகுது.”

அவள் பனருக்குக் கிட்டப் போனாள். கை முகத்துக்கு எட்டவில்லை. பிரதம விருந்தினரின் கதிரை வெறுமையாக இருந்தது, அவர் ஆளியை அழுத்திய கையோடு அடுத்த விழாவுக்குப் போய்விட்டார். அந்தக் கதிரையை இழுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே ஏறினாள். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்துப் பனரின் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டாள். காற்று அதைத் தூக்கப் பார்த்தது. சான்றிதழின் கண்ணாடிச் சட்டத்தை நுனியில் கொழுவிப் பாரம் வைத்தாள். கன்னக்குழியும் கண்களும் மறைந்தன. அட்டையும் அரைவாசி மறைந்தது.

மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. இது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று முன்வரிசை தாளைப் புரட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவன் மட்டும் எழுந்து நின்றான். கையை நெஞ்சுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டியிருந்தான். அடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த ஜெயரூபன்.

“அம்மா, இறங்குங்கோ” என்றார் அமல்ராஜ். “கோரிக்கை ஏதும் இருந்தால் எழுத்தில…”

நிறஞ்சலா கதிரையிலிருந்து இறங்கவில்லை. அவர் கையில் இருந்த மைக்கை எட்டி எடுத்துக்கொண்டாள்.

“பிள்ளையள், அந்த அட்டையளைத் திருப்பிப் பிடியுங்கோ” என்றாள். நிஸ்லா முதலில் திருப்பினாள். ஒவ்வொன்றாக, அறுபதும் வெள்ளையாகின.

பிறகு கமராவைப் பார்க்காமல், அமல்ராஜைப் பார்த்துச் சொன்னாள்.

“என்ர பிள்ளையின்ர படத்தை எடுத்துவிடுங்கோ. அவ்வளவுதான்.”